சட்டம் நிறைவேறிய மறுநாள்: மண்டபம் கரையிலிருந்து இலங்கை நாடாளுமன்றம்

இலங்கை அகதிகள் தங்கும் மண்டபம் முகாமில் ஒரு குடும்பம் ஊர் திரும்புவதென்று முடிவெடுத்தால் படகைப் பற்றி யோசிக்கும் முன் காகிதத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். தாய் தகப்பனுடைய இலங்கைப் பிறப்புச் சான்று. முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து வாங்கும் குடியுரிமைச் சான்று. பயண ஆவணம், இந்திய அரசு தரும் வெளியேறும் அனுமதி. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ விட்டுவந்த காணியின் உறுதி, அதாவது நிலப் பத்திரம். அது ஓடிவந்த வழியில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்து நகல். வீட்டில் ஒருவர் போரில் காணாமல் போயிருந்தால் அவர் பெயரிலுள்ள வங்கிப் பணத்துக்கும் உதவித்தொகைக்கும் தனியாக ஒரு சான்றிதழ்.

இந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் கொழும்பில் எழுதப்பட்ட ஏதோ ஒரு சட்டத்தின் பிரிவிலிருந்து வருகின்றன. முகாமில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் பதிய வேண்டும், பிந்தினால் அமைச்சர் அனுமதி வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். உள்நாட்டுப் போரிலிருந்து ஒரு நாடு வெளியே வருவதில் அதன் சட்டமன்றத்துக்கு என்ன பங்கு என்ற கேள்வியை ராமநாதபுரம் கரையில் கேட்டால், பதில் இந்தத் தாள்களில்தான் தொடங்குகிறது. 1983 ஜூலைக்குப் பின் இந்தியாவுக்கு வந்த இலங்கைத் தமிழர் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பலர் முதலில் கால் வைத்தது ராமேசுவரம் தீவிலும் தனுஷ்கோடி மணல் திட்டுகளிலும்தான்.

இந்த ஆய்வின் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறோம். இலங்கை நாடாளுமன்றம் போரை வளர்த்த சட்டங்களை நாட்கணக்கில் முடித்தது. அவை நிறைவேறிய அன்றே வேலை செய்தன. சமாதானத்துக்கான சட்டங்களையும் அதே சபைதான் இயற்றியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, சபாநாயகர் கையெழுத்திட்ட பிறகு இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கும்படி எழுதப்பட்டன. அமைச்சரின் வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்பு, ஆளுநரின் ஒப்புதல், ஜனாதிபதியின் நியமனம், எல்லைநிர்ணய அறிக்கை என்று அந்தக் கை வெவ்வேறு பெயரில் வரும். கை வராத இடத்தில் சட்டம் நின்றது.

சபை தானே காலி செய்த நாற்காலிகள்

1977 தேர்தலில் 168 இடங்களில் 140 ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தன. 18 இடங்களோடு தமிழர் விடுதலைக் கூட்டணி இரண்டாவதாக வந்தது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு அடுத்த ஆண்டே, அதை முன்வைத்து வென்றவர் கொழும்பு சபையில் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். பேச வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. அதன் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு நடந்தவை வேகமானவை. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1982இல் அந்த வரம்பை நீக்கி நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் உத்தரவில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் தந்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும். அந்த 18 மாதம் 12 ஆகக் குறைய 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982 டிசம்பர் 22இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு பொதுசன வாக்கெடுப்பு நடத்தி, 1977இல் தேர்ந்தெடுத்த சபையின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டு நீட்டினார்கள். போர் மூண்ட காலம் முழுவதும் மக்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்காத ஒரு சபையே அமர்ந்திருந்தது.

ஆறாவது திருத்தம் இந்த வரிசையின் உச்சம். 1983 ஜூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறும் முன், ஆகஸ்ட் 8இல் அது சட்டமானது. தனிநாட்டை ஆதரிப்பதைத் தடைசெய்து, நாடாளுமன்ற உறுப்பினர் அதை மறுத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்துச் சபைக்குப் போகவில்லை. அனுமதியின்றி மூன்று மாதம் வராதவரின் இடம் காலியாகும் என்பது அரசியலமைப்பு விதி. இடங்கள் காலியாயின. அதே மாதங்களில்தான் மன்னார்க் கரையிலிருந்து இங்கே படகுகள் வரத் தொடங்கின. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைச் சபை வெளியே நிறுத்தியதும், துப்பாக்கி ஏந்தியவர்களே மிச்சமிருக்கும் ஒரே குரல் என்ற நிலை உருவானது. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

பதின்மூன்றாவது திருத்தம்: தந்ததும் நிறுத்தி வைத்ததும்

1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை நிறைவேற்ற நவம்பர் 14இல் பதின்மூன்றாவது திருத்தம் சட்டமானது. அதனோடு 1987இன் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நூலிழையில் வழிவிட்டார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவர்களுடைய பிரதிநிதிகள் வாக்கெடுப்பின்போது சபையில் இல்லை. ஆறாவது திருத்தம் அவர்களை வெளியே வைத்திருந்தது. இந்த மசோதா போதாது என்று சொல்லக் கூட்டணித் தலைவர்கள் ராஜீவ் காந்திக்குத்தான் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நம் ஊர் வாசகருக்கு இதன் அமைப்பு பழக்கமானதுதான். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று இங்கே இருப்பதைப் போல, அங்கே ஒன்பதாம் அட்டவணையில் மாகாண சபை நிரல், ஒதுக்கப்பட்ட நிரல், ஒருங்கிய நிரல். காணி, பொலிஸ், கல்வி, விவசாயம் எல்லாம் மாகாண நிரலில் தென்படும். பார்த்தவுடன் நிறைவாகத் தோன்றும். உள்ளே போனால்தான் முடிச்சுகள் தெரியும்.

ஒதுக்கப்பட்ட நிரலின் தலைப்பிலேயே ‘எல்லா விடயங்கள் பற்றிய தேசியக் கொள்கை’ என்று இருக்கிறது. மாகாணத்துக்குத் தந்த எந்தத் துறையிலும் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கொழும்பு உள்ளே வரலாம். நிறைவேற்று அதிகாரம் ஆளுநர் கையில்; ஆளுநரை நியமிப்பதும் நீக்குவதும் ஜனாதிபதி. மாகாண அரசு ஊழியர் ஆளுநரின் கீழ். மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு நியதிச்சட்டம் என்று பெயர்; நிதி தொடர்பான நியதிச்சட்டத்தை ஆளுநர் பரிந்துரை இல்லாமல் சபையில் வைக்கவே முடியாது. காணி அதிகாரம் ஒரு தேசியக் காணி ஆணைக்குழு வகுக்கும் கொள்கையின்படி நடக்க வேண்டும். அந்த ஆணைக்குழுவை அமைக்கவே இல்லை. மாகாணப் பொலிஸ் பிரிவு தாளோடு நின்றது.

விளைவைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2013 செப்டம்பர் 21இல் வடக்கு மாகாண சபைக்கு முதல் தனித் தேர்தல் நடந்து, 38 இடங்களில் 30ஐ தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. வெளிநாட்டிலுள்ள தமிழர் அனுப்பும் உதவியை வாங்கி, விதவைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் செலவிட ஒரு முதலமைச்சர் நிதியம் தேவைப்பட்டது. அதற்கான நியதிச்சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டுப் பதவிக்காலம் அப்படியே கழிந்தது. போர் முடிந்த மண்ணில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மாகாண அரசு, தனக்கு வரும் நன்கொடையை வாங்கக்கூட ஒரு பெட்டி வைத்துக்கொள்ள முடியவில்லை.

தந்ததைத் திரும்ப எடுத்ததும் உண்டு. 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களின் அதிகாரத்தை மத்திய அரசின் பக்கம் கொண்டுபோனது. பிரதேச செயலாளர் என்றால் ஏறத்தாழ நம் வட்டாட்சியர். காணி அனுமதிப்பத்திரமானாலும் வீட்டு உதவியானாலும் திரும்பி வரும் அகதியின் பதிவானாலும் அவர் மேசையில்தான் முடியும். அந்த மேசை யாருடையது என்பதில்தான் அதிகாரப் பகிர்வின் உண்மை இருக்கிறது.

ஒரு காவல் மட்டும் திருத்தத்தில் வலுவாக எழுதப்பட்டிருந்தது. 154ஜி(3) பிரிவின்படி, மாகாண நிரலிலுள்ள விடயத்தில் நாடாளுமன்றம் சட்டம் செய்ய நினைத்தால் மசோதாவை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு சபை மறுத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2012இல் வறுமை ஒழிப்புக்கென்று திவிநெகும மசோதா வந்தபோது இந்தக் காவல் சோதிக்கப்பட்டது. வடக்கில் அப்போது தேர்ந்தெடுத்த சபை இல்லை; சபைக்குப் பதிலாக ஆளுநரே இசைவு தந்தார். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஆண்டு நவம்பரில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை (பதவி நீக்கத் தீர்மானம்) கொடுக்கப்பட்டது. 2013 ஜனவரி 11இல் 155க்கு 49 வாக்கில் சபை அவரை நீக்கத் தீர்மானித்தது. காவல் பிரிவு வேலை செய்தது. வேலை செய்ய வைத்தவருக்கு வேலை போனது.

நீதிமன்றம் இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. இலங்கையில் மசோதா சபையின் அலுவல் பட்டியலான ஒழுங்குப் பத்திரத்தில் வந்த சில நாட்களுக்குள் (இங்கே பேசும் ஆண்டுகளில் ஒரு வாரத்துக்குள்) உச்ச நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப வேண்டும். சபாநாயகர் சான்றளித்த பிறகு அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் தொட முடியாது. 80(3) பிரிவு அதை மூடிவிடுகிறது. நம் நாட்டில் சட்டம் வந்து பல ஆண்டு கழித்தும் உயர் நீதிமன்றம் போகலாம் என்ற பழக்கத்தோடு அங்குள்ள விவகாரத்தைப் படித்தால் தவறாகப் புரிந்துகொள்வோம். அங்கே அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் ஒரு தலைமுறையைத் தவறவிட்டதுபோல.

சபைக்கு வெளியே நடந்த சமாதானம்

2000 ஆகஸ்ட் 3இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க புதிய அரசியலமைப்பு மசோதாவைச் சபையில் வைத்தார். 225 பேரில் 150 வேண்டும். அந்த எண்ணிக்கை இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பிரதிகளைச் சபையிலேயே கொளுத்தினார்கள். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை, அந்த மாதமே சபை கலைந்தது. அன்று இரண்டு பெரிய சிங்களக் கட்சிகளும் சேர்ந்தால் மட்டுமே 150 தேறியிருக்கும். எதிர்க்கட்சியில் இருப்பவர் எதிர்ப்பதே அரசியல் லாபம். இந்தக் கணக்கை அந்தக் காலத்துத் தேர்தல் எதுவும் மாற்றவில்லை.

2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்பாட்டில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க கையெழுத்திட்டார். அது நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கப்படவில்லை. ஜனாதிபதி வேறு கட்சி. 2003 நவம்பரில் அவர் பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் தன் கையில் எடுத்துச் சபையை ஒத்திவைத்தார். 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்து விலகியது. சபையின் வாக்கில்லாமல் கட்டிய முடிச்சு, சபையின் வாக்கில்லாமலே அவிழ்ந்தது.

அந்த ஆண்டுகளில் சபை செய்த வழக்கமான வேலை ஒன்று உண்டு. அவசரகாலப் பிரகடனத்தை மாதம் ஒருமுறை வாக்கெடுத்து நீட்டிக்க வேண்டும். 2005 ஆகஸ்டிலிருந்து 2011 ஆகஸ்ட் வரை மாதந்தோறும் அது நீண்டது. அந்த விவாத நாளைத் தமிழ் உறுப்பினர்கள் ஷெல்வீச்சையும் காணாமல் போனவர்களையும் சபைக் குறிப்பில் ஏற்றப் பயன்படுத்தினார்கள். முடிவை மாற்றவில்லை, பதிவு இருக்கிறது.

2016–2018: நல்ல எண்ணமும் காலண்டரும்

போர் முடிந்தபின் சபை சமாதான வேலையில் உண்மையாகக் கை வைத்தது இந்த மூன்று ஆண்டில்தான். 2016 மார்ச்சில் முழுச் சபையும் அரசியலமைப்புப் பேரவையாக மாறத் தீர்மானித்தது. 2017 செப்டம்பரில் வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. ஜனாதிபதி பிரதமரை நீக்கியதால் எழுந்த 2018 அக்டோபர் நெருக்கடியில் எல்லாம் நின்றுபோனது. பெரிய வேலை நின்றது. சிறிய சட்டங்களைப் பார்ப்போம், அவற்றில்தான் பாடம் அதிகம்.

காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் 2016 ஆகஸ்ட் 11இல் நிறைவேறியது. ஆனால் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும் என்பதை அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும் என்று முதல் பிரிவிலேயே விட்டிருந்தார்கள். அறிவிப்பு வந்தது 2017 செப்டம்பரில். ஏழு ஆணையாளர்கள் நியமனம் பெற்றது 2018 பிப்ரவரி கடைசியில். கை உயர்த்திய நாளுக்கும் முதல் கதவு திறந்த நாளுக்கும் நடுவே ஒன்றரை ஆண்டு. அதற்குள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தாய்மார் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். அலுவலகத்தின் கண்டறிதலால் குற்றவியல் பொறுப்போ சிவில் பொறுப்போ எழாது என்றும் சட்டம் சொன்னது. தேடும் பணியை வழக்கிலிருந்து பிரித்தால் சாட்சிகள் பேச முன்வருவார்கள் என்பது அதன் காரணம். மகனைத் தேடும் தாய்க்கு அந்தக் காரணத்தை முதல் நாளே உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். கதவே திறக்காத இடத்தில் யார் விளக்குவது?

இதற்கு மாறாக, மரணப் பதிவு பற்றிய 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வந்த 2016இன் 16ஆம் இலக்கத் திருத்தம் அதிகம் பேசப்படாமல் வேலை செய்தது. அந்த 2010 சட்டப்படி, ஓராண்டுக்கு மேல் காணாதவரை இறந்தவராகப் பதியலாம். உதவித்தொகை வேண்டுமானால் கணவன் இறந்துவிட்டான் என்று மனைவியே எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை. 2016 திருத்தம் மரணச் சான்றுக்குப் பதிலாகக் காணாமல் போனதற்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. கையில் ஒரு தாள் கிடைத்தது, ‘செத்துப்போனார்’ என்று எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்த பதிவாளர் அலுவலகமே தந்தது, புதிய ஆணைக்குழு எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. சமாதானச் சட்டம் இப்படித்தான் எழுதப்பட வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

குடியுரிமையிலும் இதே தன்மை. மலையகத் தமிழருக்கான 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்பவருக்கும் அவர் வழிவந்தவருக்கும் குடியுரிமை தந்தது. போருக்குப் பயந்து இங்கே முகாமுக்கு வந்த மலையகத்தார் ‘இலங்கையில் வாழ்பவர்’ என்ற ஒரு சொல்லில் அடிபட்டுப் போனார்கள். 2009 திருத்தம் அந்தச் சொல்லைத் தளர்த்தி, இந்தியாவுக்குப் போக நேர்ந்தவரையும் சேர்த்தது. தோட்டக் கூலிகளை அனுப்புவதற்காகவே ஒரு காலத்தில் இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய தங்கல் முகாமில், அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் நாடற்றவராக இருந்தார்கள். அவர்களுக்குக் கொழும்பில் நடந்த அந்தச் சொல் மாற்றம் 150 வாக்கை விடப் பெரியது.

இனி மாகாண சபைத் தேர்தல் முடங்கிய விதம். 2017 செப்டம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வந்தது. வேட்பாளரில் 30 சதவீதம் பெண்கள் என்பதே அதன் தொடக்க நோக்கம். மசோதாவைப் பிரிவு பிரிவாக ஆராயும் குழு நிலையில் பக்கம் பக்கமாகப் புதிய பிரிவுகளைச் செருகி, முழுத் தேர்தல் முறையையே தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையாக மாற்றினார்கள். மசோதாவை எதிர்த்து நீதிமன்றம் போகும் ஒரு வாரம் அதற்குள் கடந்திருந்தது. புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லைநிர்ணயக் குழு அறிக்கை தந்தது. 2018 ஆகஸ்ட் 24இல் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து 139 பேர். ஆதரித்து ஒருவரும் இல்லை. அறிக்கையைச் சபையில் வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். மீளாய்வுக் குழுவின் அறிக்கை வரவில்லை. பழைய முறைப்படி நடத்தலாமா என்று ஜனாதிபதி கேட்டதற்கு, 2019இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. பழைய சட்டம் செத்துவிட்டது, புதியது பிறக்கவில்லை. 1987–90இல் இந்தியா தன் படைவீரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்து நிலைநிறுத்த முயன்ற மாகாண சபைகள், ஒரு குழு நிலைச் செருகலால் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றிக் கிடந்தன. பழைய விகிதாசார முறைக்குத் திரும்ப ஒற்றைத் திருத்தம் போதும். அதற்குத் தனிநபர் மசோதாக்களும் கொடுக்கப்பட்டன.

நேபாளத்தில் வேறு என்ன செய்தார்கள்

மாவோயிஸ்டுகளோடு நடந்த பத்தாண்டுப் போருக்குப் பின் நேபாளம் எடுத்த முதல் முடிவு, யார் சபைக்குள் இருக்க வேண்டும் என்பது. 2006 நவம்பர் 21இல் விரிவான சமாதான உடன்பாடு. இரண்டே மாதத்தில், 2007 ஜனவரி 15இல், இடைக்கால அரசியலமைப்பும் 330 பேர் கொண்ட இடைக்காலச் சபையும் வந்தன. பழைய உறுப்பினர் 209 பேர், மாவோயிஸ்டுகள் 73, மற்றவர் 48. அந்த 48இலும் பத்து மாவோயிஸ்டுகளுக்கு. காட்டிலிருந்தவர்கள் தேர்தலுக்கு முன்பே சபை இருக்கையில் அமர்ந்தார்கள். ஐ.நா. குழு சரிபார்த்த 19,602 போராளிகள் ஏழு பெரிய முகாம்களிலும் அவற்றைச் சார்ந்த சிறிய முகாம்களிலும் இருந்தார்கள். ஆயுதங்கள் பூட்டிய கொள்கலன்களில். வெளியிலிருக்கும் ஆயுதத்தையும் உள்ளே கிடைத்த நாற்காலியையும் ஒரே நேரத்தில் நகர்த்தினார்கள். 2008இல் தேர்ந்தெடுத்த 601 பேர் அவை முதல் நாளே, மே 28இல், 560க்கு 4 என்று முடியாட்சியை நீக்கியது.

அங்கேயும் இடறியது. நான்கு முறை ஆயுள் நீட்டியும் அந்த அவை அரசியலமைப்பை எழுத முடியாமல் 2012 மே மாதம் கலைந்தது. இரண்டாவது அவை 2015 செப்டம்பரில் எழுதி முடித்தபோது தராய் சமவெளியில் மாதேசிகள் தங்களைச் சேர்க்கவில்லை என்று எழுந்தார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட உயிர் போனது. உண்மை கண்டறியும் சட்டத்தின் மன்னிப்புப் பிரிவை அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. சபை அதைத் திருத்தியது 2024இல். ஆனாலும் சண்டை திரும்பவில்லை. கோபித்தவருக்கு வாதாட ஒரு சபை இருந்தது.

கொலம்பியாவிலிருந்து ஒரே ஒரு செய்தி. போரில் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு நாடாளுமன்றத்தில் 16 தனி இடங்கள் தருவதாக அரசும் கிளர்ச்சியாளரும் செய்த 2016 ஒப்பந்தம் சொன்னது. 2017இல் செனட்டில் 50க்கு 7 என்று வென்றும், பெரும்பான்மைக்கு 50 போதுமா என்ற கணக்குத் தகராறில் தோற்றதாக அறிவித்தார்கள். நீக்கப்பட்ட உறுப்பினரின் காலி இருக்கையை எண்ணலாமா கூடாதா என்பதுதான் சண்டை. 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது நிறைவேறியதே என்றது; 2022இல் 16 பேர் அமர்ந்தார்கள். கோரம் எண்ணுவதில் நாலரை ஆண்டு.

ராமேசுவரத்துக்கு நேராக வந்த ஒரு சட்டம்

2017 ஜூலை 6இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலை, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலையால் மீன் பிடிப்பதை, முழுவதும் தடைசெய்தது. யாழ்ப்பாண உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் கொடுத்த தனிநபர் மசோதா அது. போர்க் காலத்தில் வடக்கு மீனவருக்குக் கடல் மூடியிருந்தது. பாதுகாப்பு வலயம், எரிபொருள் தடை, நேரக் கட்டுப்பாடு. 2009க்குப் பின் கடன்பட்டு வலை வாங்கி இறங்கியபோது, இந்தப் பக்கத்து விசைப்படகுகளின் மடி அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போனது. அவர்களுக்கு அந்தச் சட்டம் சமாதானத்தின் ஒரு பகுதி. கரையில் வாழ்க்கை திரும்பாமல் போர் முடிந்ததாகாது.

இந்தப் பக்கம் அதை வேறு விதமாக உணர்கிறோம். டோக்கன் வாங்கித் திங்கள், புதன், சனியில் இறங்கும் விசைப்படகுக்கு, கச்சத்தீவைத் தாண்டாமல் டீசல் காசு தேறாது என்று படகுக்காரர் சொல்வதில் பொய்யில்லை. கைதாகிச் சிறையில் கிடப்பவர் பெரும்பாலும் கூலிக்குப் போனவர், படகுச் சொந்தக்காரர் இல்லை. அவர் வீட்டார் படும் பாடு பெரிது. அந்த வேதனையை ஒப்புக்கொண்டே சொல்கிறோம்: மறுபக்கத்துச் சட்டம் தமிழ் மீனவருக்கு எதிராக வந்ததில்லை, தமிழ் மீனவர் கேட்டு வந்தது. இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிட இந்தியாவும் 2016 நவம்பர் பேச்சில் ஒப்புக்கொண்டது. 2017இல் வந்த ஆழ்கடல் திட்டத்தில் ஒரு படகின் விலை 80 லட்சம்; மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், மீனவர் 10 சதவீதம், மீதி 20 வங்கிக் கடன். பாக் நீரிணையில் மூன்று ஆண்டில் 2,000 படகு மாற்றுவதாக இலக்கு. இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. எட்டு லட்சம் கையிலும் பதினாறு லட்சம் கடனிலும் போட்டு, பழகாத சூரைமீன் தொழிலுக்கு, பாக் நீரிணையை விட்டு வெளியே போக வேண்டும்; அதற்கேற்ற துறைமுகமும் வாங்குவோரும் முதலில் வந்திருக்க வேண்டும். கொழும்பு சட்டத்தில் கண்ட அதே கோளாறு நம் திட்டத்திலும் இருக்கிறது: அறிவிப்பு முழுமையாக, மறுநாள் வேலை பாதியாக.

ஒரு மசோதாவை எப்படிப் படிப்பது

கொழும்பிலோ வேறெங்கோ சமாதானத்துக்கென்று ஒரு மசோதா வரும்போது நாங்கள் முகப்பில் எழுதிய நோக்கத்தை விட்டுவிட்டு நேராக நான்கு இடத்துக்குப் போகிறோம். முதல் பிரிவில் நடைமுறைத் தேதி எழுதியிருக்கிறதா, அமைச்சரிடம் விட்டிருக்கிறதா. நியமனம் எத்தனை நாளுக்குள், தவறினால் என்ன. பணம் தனி நிதியிலிருந்தா, ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டுமா. விண்ணப்பம் எந்த மேசையில் கொடுப்பது. அந்த மேசை ஏற்கெனவே ஊரில் இருக்கிறதா, இனிமேல்தான் அமைக்க வேண்டுமா. குழு நிலையில் என்ன செருகினார்கள் என்பதைச் சபை நடவடிக்கைப் பதிவான ஹன்சாட்டில் தனியாகத் தேட வேண்டும்; முதல் வாசிப்பு மசோதாவை மட்டும் படித்து எழுதியவர்கள் 2017இல் ஏமாந்தார்கள்.

கால வரம்புள்ள சட்டமானால் ஐந்தாவதாக ஒன்று: அந்தக் காலத்துக்குள் உரியவர் வந்து சேர முடியுமா. இலங்கையில் வேறொருவர் காணியைப் பத்து ஆண்டு தடையில்லாமல் ஆண்டால், அவருக்கு உரிமை வந்துவிடும். 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம். இங்கே எதிரிடை அனுபவத்துக்கு 12 ஆண்டு. போருக்குத் தப்பி ஓடியவர் காணியில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பத்து ஆண்டு எளிதாகக் கழிந்துவிட்டது. இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2016இன் 5ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றினார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தன் காணிக்கு வழக்காட முடியாமல் இருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. நேர்மையான, தேவையான சட்டம். அது உயிரோடிருக்கும் காலம் இரண்டு ஆண்டு என்றும் அதிலேயே எழுதியிருந்தது.

மண்டபத்திலிருந்து ஒரு குடும்பம் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் அந்த இரண்டு ஆண்டுக்குள் சட்டம் வந்ததைத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்குச் சென்னையில் குடியுரிமை பதிந்து, வெளியேறும் அனுமதி வாங்கி, கப்பல் இல்லாத காலத்தில் விமானத்தில் போய், பதிவகத்தில் உறுதி நகல் எடுத்து, மன்னார் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்க வேண்டும். 2018 ஏப்ரலோடு காலம் முடிந்தது.